இம்ப்ளான்ட்டை மாற்றும்போது: பம்பா, ராடா? முழுசாகவா, பாதியாகவா?

விறைப்புக் குறைபாட்டுக்காக வைத்த இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. 1973-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்ட்லி ஸ்காட் பம்ப் வகை இம்ப்ளான்ட்டை அறிமுகப்படுத்தினார். அதற்குப் பிறகு கருவி எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் பத்து வருடம் போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பழுதாகிறது. அப்போது இரண்டாவது ஆபரேஷன். திரும்பவும் பம்பா, ராடா? பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாமா, எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? கிருமி பிடித்திருந்தால் உடனே புதுசு வைக்கலாமா, ஆறவிட்டு வைக்கலாமா?

யூரோ வார்டில், அதாவது சிறுநீரகவியல் பிரிவில், டிரெஸ்ஸிங் பண்ணி, டியூப் எடுத்து, ஆளை வீட்டுக்கு அனுப்பி வைக்கிற வேலை எனக்கு. கம்பெனித் தாளைப் புரட்டி எந்தக் கருவி உசத்தி என்று தேடுவதில் பெரிய பலன் இல்லை. எது சீக்கிரம் ஆறும், எது மறுபடியும் மேஜையில் படுக்க வைக்காது, இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் பார்ப்பேன்.

பம்ப் வகையில் உறுப்புக்குள் இரண்டு குழல், விதைப்பையில் பம்ப், அடிவயிற்றில் சலைன் பை. பம்பை அமுக்கினால் பையிலுள்ள சலைன் குழலுக்குள் ஏறி நிறையும். ராடு வகையில் இரண்டு தண்டு, அவ்வளவுதான். மேலே தூக்கினால் நிற்கும், கீழே மடக்கினால் அடங்கும்.

பம்பை எத்தனை முறை அமுக்கினாலும் நிறையவில்லை, வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் கசிவு. வெறும் உப்புத் தண்ணீர் என்பதால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், ஆபத்தில்லை. அவசரமும் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வரலாம். வாரக்கணக்கில் வலி குறையாமல் இருந்தால், பம்புக்கு மேலே உள்ள தோல் நகராமல் ஒட்டிக்கொண்டால், சிவந்தால், நீர் வடிந்தால், அது கிருமி. கசிவுக்காரர், கிருமி பிடித்தவர், இந்த இரண்டு பேருடைய பாதையும் இங்கேயே பிரிந்துவிடுகிறது.

முழுசாகவா, பாதியாகவா?

கசிவுக்காரரிடமிருந்து ஆரம்பிப்போம். கருவி வைத்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது, கசிவு ஒரே இடத்தில் என்றால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் சின்னது, வீக்கம் குறைவு, செலவும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாகங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத கிருமிப் படலம் படிந்திருக்கும். சீழ் இல்லாத, வலி இல்லாத கருவிகளை வெளியே எடுத்துச் சோதித்தபோதே பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமி வளர்ந்திருக்கிறது. சும்மா கிடக்கும் அந்தப் படலத்தைக் கத்தி வைத்துக் கலைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே புதுப் பாகத்தையும் பொருத்துகிறோம். போதாததற்கு, இன்று பம்பை மாற்றினால் அடுத்த வருடம் குழல் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை.

முதல் தடவை இம்ப்ளான்ட் வைக்கும்போது கிருமி பிடிக்கும் வாய்ப்பு 1 முதல் 3 சதவீதம். மாற்று ஆபரேஷனில் அது பல மடங்கு கூடுதலாக இருந்த காலம் உண்டு. எல்லாப் பாகத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கிருமிநாசினிக் கரைசல்களால் நன்றாகக் கழுவிப் புதுசு வைக்கும் முறை வந்தபிறகு அந்த வித்தியாசம் நிறையக் குறைந்தது. ஆன்டிபயாடிக் பூச்சும் கைகொடுத்தது. ஏஎம்எஸ் 700 என்ற பம்ப் கருவியில் ரிஃபாம்பின், மினோசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் கம்பெனியிலேயே ஏற்றப்பட்டு வருகின்றன. டைட்டன் என்ற இன்னொரு பம்ப் கருவியின் பூச்சு, டாக்டர் எந்த ஆன்டிபயாடிக் கரைசலில் முக்குகிறாரோ அதை உறிஞ்சிக்கொள்ளும். பூச்சில் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டுமே நல்ல பலன் தந்தவை. கருவி பழசு என்றால் என் ஓட்டு முழுசாக மாற்றுவதற்கே.

சலைன் பைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பேன். அது மூத்திரப்பைக்கும் பெரிய ரத்தக் குழாய்க்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வருடங்கள் போகப்போகச் சுற்றிலும் தழும்பு கட்டி இறுகிவிடும். அதைக் கட்டாயமாக இழுத்து எடுக்கப் போனால் இடுப்பு மடிப்பில் தனியாக ஒரு வெட்டு, அதற்கென்று தனி வலி. கிருமி இல்லாதவருக்குப் பையை வடித்துவிட்டு, டியூபை நறுக்கி, அங்கேயே விட்டுவிடலாம். புதுப் பை எதிர்ப்பக்கம் போகும். ‘வயித்துக்குள்ள பழசு கிடக்குதே சார்’ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது பாட்டுக்குக் கிடக்கும். கிருமி இருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது, எல்லாம் வெளியே வந்தாக வேண்டும்.

திரும்பவும் பம்பா, இல்லை ராடா?

ஆறுவதில் ராடு முந்துகிறது. தையல் ஆறினால் முடிந்தது, பம்பை இயக்கக் கற்றுக்கொள்வது, தினமும் நிரப்பி வடிப்பது எதுவும் இல்லை. பார்கின்சன் நோயாளிக்கு, பக்கவாதத்தில் கைப்பிடி போனவருக்கு, விரல் மூட்டு மடங்காதவருக்கு நான் ராடைத்தான் சொல்வேன். விலையிலும் பெரிய இடைவெளி. பம்ப் கருவி லட்சங்களில், ராடு அதைவிட எவ்வளவோ குறைவில். மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த ஷா இம்ப்ளான்ட் ராடு வகைதான். இந்தியாவில் பலருக்கு அதுதான் கைக்கெட்டும் கருவி.

ஆனால் ராடு எப்போதும் ஒரே பருமன், ஒரே அழுத்தம். பல வருடச் சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவருக்கோ தண்டுவடம் அடிபட்டவருக்கோ தண்டின் நுனி உள்ளிருந்து தோலை அரிப்பது தெரியாமலே போகும். பம்ப் வகை சுருங்கி ஓய்வெடுக்கும், அதனால் திசுவுக்கும் ஓய்வு. பம்புக்குப் பழகியவர் ராடுக்கு மாறினால் இன்னொரு குறையும் வரும். வேட்டி கட்டினால் தெரிகிறது, பேருந்தில் இடிபடுகிறது என்பார். கை நன்றாக வேலை செய்து, வசதியும் இருந்தால் பம்ப்காரர் பம்போடு தொடர்வதே நல்லது.

கிருமி பிடித்தவருக்கு

இங்கேதான் ஆறுவதில் பெரிய வித்தியாசம். பழைய வழக்கம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருப்பது. புண் சுத்தமாக ஆறும். ஆனால் காலியான குழாய்களுக்குள் தழும்பு கட்டி இறுகி, உறுப்பு சுருங்கி, நீளம் குறைந்துபோகும். அப்புறம் உள்ளே வழி உண்டாக்குவது டாக்டருக்கும் சிரமம், ஆளுக்கும் வலி. சில சமயம் சின்ன அளவுக் கருவிதான் உள்ளே போகும்.

1996-இல் ஜான் மல்கேஹி என்ற அமெரிக்க டாக்டரின் முறை வெளியானது. எடு, பல கரைசல்களால் வரிசையாகக் கழுவு, அதே மேஜையில் புதுசு வை. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிருமி திரும்பவில்லை. பின்னால் அதிலேயே ஒரு மாற்றம் செய்தார்கள். கழுவியபின் பம்புக்குப் பதில் தற்காலிகமாக ராடு வைப்பது. விதைப்பையிலும் வயிற்றிலும் புதுப்பொருள் எதுவும் இல்லை, நீளமும் காப்பாற்றப்படுகிறது. சில மாதம் கழித்து வேண்டுமென்றால் பம்புக்கு மாறலாம். ‘இதுவே போதும்’ என்று ராடோடு நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரத்தத்தில் கிருமி பரவியவர், சர்க்கரை எகிறி மயக்க நிலைக்குப் போனவர், திசு அழுகிப்போனவர், இவர்களுக்கு உடனே வைப்பது பொருந்தாது. எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மற்றவர்கள் ‘ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தாங்களே முடிவெடுத்துத் தள்ளிப்போடாமல், அதே மேஜையில் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

கிருமி இல்லாத மாற்று ஆபரேஷன் முதல் ஆபரேஷனைவிட வலி குறைவு என்று பலரும் சொல்வதைக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது. குழல் போகும் வழி ஏற்கெனவே உருவாகியிருக்கிறது, புதிதாக விரிக்க வேண்டியதில்லை. விதைப்பை மட்டும் இந்தத் தள்ளுபடியைத் தராது. மறுபடியும் வெட்டியதால் ரத்தம் கட்டிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வரும், வீட்டிலுள்ளவர்கள் பார்த்தால் பயந்துபோவார்கள். மூத்திர டியூபைப் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுவோம், காயத்து நீரை வடிக்க வைத்த ட்ரெயின் குழாயை ஒன்றிரண்டு நாளில்.

எல்லாரும் கேட்பது லுங்கி. காற்றோட்டமாக இருக்கும் என்று உள்ளே ஒன்றும் போடாமல் லுங்கி கட்டினால் விதைப்பை தொங்கி வீக்கம் கூடும். இறுக்கமான ஜட்டி போட்டு, உறுப்பை வயிற்றைப் பார்த்து மேல்நோக்கி வைத்து, அதற்கு மேல் லுங்கி கட்டுங்கள். கோவணம் கட்டிப் பழகிய பெரியவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். மலச்சிக்கல் வரக்கூடாது. வலி மாத்திரையால் இறுகும், முக்கினால் தையலுக்கு வலிக்கும். சிலிண்டர், தண்ணீர்க் கேன் தூக்குவதையும் பைக் ஓட்டுவதையும் டாக்டர் சரி என்னும்வரை மறந்துவிடுங்கள். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

பம்ப் வைத்தவர் அதைத் தினமும் மெல்லக் கீழே இழுத்துவிடச் சொல்வோம். இல்லாவிட்டால் மேலே ஏறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு விரலுக்குச் சிக்காது. எந்த நாளிலிருந்து இழுப்பது என்று உங்கள் டாக்டர் சொல்வார். நாலு முதல் ஆறு வாரத்தில் ஆஸ்பத்திரியில் முதல் தடவை இயக்கிக் காட்டுவார்கள். உறவு அதற்குப் பிறகுதான். ராடுக்காரருக்கும் ஆறு வாரம் வரை பொறுமை வேண்டும்.

அந்த நாளில் அதிகம் தடுமாறுவது பழைய கைகள்தான். பழைய மாடலில் வடிப்பதற்குக் கடைசிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிய ஏஎம்எஸ் பம்பில் பட்டனைச் சில நொடி பிடித்தால் போதும், அப்புறம் உறுப்பை மெல்லப் பிழிந்தால் தண்ணீர் பைக்குத் திரும்பிவிடும். ‘எனக்குத் தெரியும் தம்பி, பல வருஷமா வச்சிருக்கேன்’ என்று சொல்பவரிடமும் ஒரு தடவை நிரப்பி வடித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.