லேபிளை உரித்தால் ரிட்டர்ன் கிடையாதாம்: மைக்ரேன் மாத்திரை போடுகிறவர்கள் படியுங்கள்

மைக்ரேனுக்கென்றே சப்ளிமென்ட் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. டப்பாவின் முகப்பில் கொட்டை எழுத்தில் மக்னீசியம், ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2). இரண்டும் டாக்டர்களே சொல்பவைதான். இருந்தாலும் சாட்டில் கேட்டேன்: "தலைவலி வந்தால் சுமட்ரிப்டான் போடுகிறேன், வராமலிருக்க தினமும் டோபிரமேட்டும் உண்டு. சேர்த்துச் சாப்பிடலாமா?" உடனே பதில்: "தாராளமா சார், நூறு சதவீதம் இயற்கை." அந்தத் 'தாராளமா'வை நம்பி மூன்று டப்பாவுக்குப் பணம் கட்டினேன்.

முழுப் பட்டியல் லேபிளின் மடிப்புக்குள். உரித்தால்தான் தெரியும். வைட்டமின் சி 1,000 மி.கி. அதன் கீழே கடுகு எழுத்தில் "மூலிகைக் கலவை 600 மி.கி.": செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 5-எச்டிபி, ஃபீவர்ஃபியூ. எது எவ்வளவு என்று கிடையாது.

கலவையில் முதல் இரண்டும் செரடோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டுபவை. சுமட்ரிப்டான் வேலை செய்வதும் செரடோனின் ஏற்பிகளில்தான். சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தசைத் துடிப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கல்லீரல் நொதிகளையும் முடுக்கிவிடும். எலிட்ரிப்டான், ரிமெஜெபான்ட் என்ற மைக்ரேன் மாத்திரைகள், ஏன் கருத்தடை மாத்திரைகூடச் சீக்கிரமே உடம்பை விட்டுப் போய், பலன் குறையலாம். நிறுத்திய பிறகும் அந்த விளைவு இரண்டு வாரம் வரை இருக்கும். டோபிரமேட் ஏற்கெனவே சிறுநீரகக் கல்லுக்கு வழி விடுகிற மருந்து. அதன்மேல், கல் அபாயத்தைக் கூட்டக்கூடிய வைட்டமின் சி, தினம் 1,000 மி.கி. இதுதான் 'தாராளமா'.

திருப்பி எடுக்கச் சொன்னேன். "லேபிளை உரிச்சிட்டீங்களே சார், ரிட்டர்ன் வராது." உரிக்காமல் எப்படிப் படிப்பது? அடுத்த மெயிலுக்கு, "இது மருந்தில்லை, உணவு வகை. எதற்கும் டாக்டரைக் கேளுங்க." விற்கும்போது டாக்டர் நினைவுக்கு வரவில்லை! மூன்றாவதற்குப் பதிலே இல்லை. மூன்று டப்பாப் பணம், மொத்தமாகப் போச்சு.

மருந்துவாரியாக விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இப்போதைக்கு இவ்வளவு: 'கலவை' என்று மொத்த எடை மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஃபீவர்ஃபியூ கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு அதனால் ரத்தக்கசிவு அபாயம். மைக்ரேனுக்கு விற்கும் இன்னொரு மூலிகையான பட்டர்பர் வேண்டவே வேண்டாம், கல்லீரலைக் கெடுக்கலாம். அமெரிக்க நரம்பியல் அகாடமியே 2015இல் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. கிட்னி பழுதிருந்தால் மக்னீசியம்கூடக் கேட்டுத்தான். இந்த மாதிரிக் கலவையை ஏற்கெனவே விழுங்கியிருந்தால், அடுத்த ட்ரிப்டானுக்கு (சுமட்ரிப்டான் வகை மாத்திரை) முன் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.