மே மாதத்தில் ட்ரவுட் பிடிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள்

வேலூர், காட்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் அதே விளம்பரம் மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டது. 'இமயமலை ஆற்றில் ட்ரவுட் வேட்டை, வேலூரிலிருந்து நேரடிப் பயணம்.' ட்ரவுட் என்பது குளிர்ந்த மலை ஆறுகளில் வாழும் மீன். போன ஆண்டு மே கடைசியில் நானும் என் மைத்துனரும் ஆளுக்கு 27,500 ரூபாய் கட்டி இதில் போய்வந்தோம். மீன் சிக்கவில்லை என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. தூண்டில்காரனுக்கு வெறுங்கையோடு வீடு திரும்புவது புதிதா என்ன? மீன் பிடிக்கவே முடியாத காலம் என்று தெரிந்தே பணத்தை வாங்கினார்கள். கால் வைக்கக்கூடாத வேளையில் எங்களை ஆற்றில் இறக்கியும் விட்டார்கள். என் கோபம் அதில்தான்.

கழிஞ்சூர் ஏரியிலும் மோர்தானா அணையிலும் மண்புழு கோத்து கெண்டை, கெளுத்தி பிடித்துப் பழகியவன் நான். ட்ரவுட் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் முறையை யூடியூபில்தான் பார்த்திருந்தேன். கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டியிருப்பார்கள். அந்தப் பூச்சிக்கு எடையே இல்லை என்பதால் தடித்த கயிற்றின் கனத்தைக் கொண்டு சாட்டை சுழற்றுவதுபோல வீச வேண்டும். புழுவை வாசம் பிடித்து வருகிற நம்மூர்க் கெளுத்திபோல அல்ல ட்ரவுட். பெரும்பாலும் பூச்சியைக் கண்ணால் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். ஆகவே தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் முன்பணம் கொடுக்கும்போதே கேட்டேன், மே மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று.

"கோடைக்காலம்தானே சார், ஒரு சொட்டு மழை இருக்காது. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும்" என்றார் ஏற்பாட்டாளர்.

நம்பிவிட்டேன். வேலூர்க்காரனுக்கு இது நம்பக்கூடிய பேச்சுதான். நாம் பார்த்த வெள்ளமெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கத்திரி வெயிலில் அதே பாலாற்றில் மணல்தான் பறக்கிறது. வெயில் என்றால் ஆறு வற்றும் என்பது நம் கணக்கு. இமயமலையில் கணக்கு வேறு. குளிர்காலம் முழுவதும் மலைமேல் விழுந்து கிடக்கும் பனி, வெயில் ஏற ஏற உருகி இறங்குகிறது. மழையே பெய்யாமல் ஆறு பெருகுகிறது. ஏற்பாட்டாளர் மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார். பனியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து இரவு பஸ்ஸில் இமாச்சலப் பிரதேசம். ஔட் சுரங்கத்துக்கு அருகே பிரதான சாலையை விட்டு லார்ஜி வழியாகத் தீர்த்தன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் திரும்ப வேண்டும். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் ஐதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டது இதற்குக் கீழே, பியாஸ் ஆற்றில்தான். எங்கள் வழிகாட்டி வண்டியை நிறுத்தி அதைச் சொன்னார், ஏதோ சுற்றுலா இடத்தைக் காட்டுவதுபோல. மறுநாளே எங்களை ஆற்றில் இறக்கப்போகிறவர் அவர்.

விடுதியில் இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது சத்தம். தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், 'கடக் கடக்' என்று. ஆற்றின் தரையில் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. தண்ணீர் சிமெண்ட் கரைத்த நிறத்தில் இருந்தது. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் தெரியவில்லை.

மறுநாள் காலை முழுவதும் குலுவில் சால்வைக் கடைகளுக்குக் கூட்டிப்போனார்கள். கமிஷன்தான், வேறென்ன. ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி மூன்று. பகல் வெயிலில் மேலே உருகுகிற தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்துசேரப் பிற்பகல், மாலை ஆகிவிடும். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் விடியற்காலையில்தான் மட்டம் தாழ்ந்திருக்கும். அதாவது, நாள் முழுவதிலும் ஏறுமுகமான வேளையைப் பார்த்து எங்களை நிறுத்தினார்கள்.

மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு ஒன்று கொடுத்தார்கள், வேடர் என்பார்கள். என்னுடையதில் இடது குதிகாலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல ஒட்டுப் போட்டிருந்தது. இரண்டு அடி வைப்பதற்குள் பனித்தண்ணீர் உள்ளே கசிந்து விரல்கள் மரத்துவிட்டன. இடுப்புப் பட்டை இருவருக்குமே இல்லை. விழுந்தால் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்து உடுப்பே பாரமாகிவிடும் என்பதற்குத்தான் அந்தப் பட்டை. கேட்டதற்கு, "பயப்படாதீர்கள் சார், முட்டியளவுதான்" என்றார் வழிகாட்டி. மைத்துனர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உடுப்பின் மேலேயே இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மைத்துனர்தான் செருப்பைக் கழற்றி, தண்ணீரை விட்டு ஒரு முழம் தள்ளியிருந்த தட்டைக் கல்லின்மேல் வைத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், கல்லைக் காணோம். ஒரு செருப்பு மட்டும் வேரில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. "மாமா, போதும், ஏறுங்கள்" என்று அவர் கத்தியது பாதிதான் கேட்டது. முட்டியளவு தண்ணீர் அதற்குள் தொடைக்கு வந்திருந்தது. ஒரு காலைத் தூக்கினால் மற்றொரு காலுக்கு அடியில் கல் நகர்ந்தது. கரைக்கு நாலே எட்டுதான் இருக்கும். அதைக் கடக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கரையேறி மூச்சு வாங்கும்போதே மீன்வளத் துறைக் காவலர் வந்து உரிமம் கேட்டார். அங்கே ட்ரவுட் பிடிக்க அவரவர் பெயரில் உரிமம் வாங்க வேண்டும். கட்டணத்தில் அதுவும் அடக்கம் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி காவலரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினார், தூண்டிலைச் சுருட்டச் சொல்லிவிட்டார்கள். உரிமம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

உருப்படியாக எதையாவது கற்றேன் என்றால் அது தேநீர்க் கடைப் பெரியவரிடம்தான். எங்கள் பூச்சிப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். எல்லாம் கொசு அளவில், மேலே மிதக்கிற ரகம். கலங்கிய பெருக்கில் மீன் நடு ஆற்றில் நிற்காது, பாறைக்குப் பின்னாலும் கரையோரச் சுழிப்பிலும் ஒதுங்கிவிடும். கரையில் நின்றபடியே கனமான, கறுத்த, பெரிய பூச்சியை அடியில் இறக்க வேண்டும், அதுவும் விடியற்காலையில். "மார்ச்சில் வாருங்கள், இல்லாவிட்டால் மழை ஓய்ந்த பிறகு அக்டோபரில்" என்றார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஊருக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "மீன் அகப்படுவது அதிர்ஷ்டம் சார்" என்றார்கள். செருப்பு போனதும் அதிர்ஷ்டம்தானா என்று மைத்துனர் கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறார்களாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். வழக்கறிஞர் இல்லாமலே கொடுக்கலாம். எங்களைப்போல மாட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

திரும்பி வரும் ரயிலில், விஜயவாடா தாண்டியிருக்கும், மைத்துனர் அந்த விளம்பரப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவர் கண்ணாடிபோன்ற தண்ணீரில் நின்று ட்ரவுட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம். "மாமா, இவருக்குப் பின்னால் மரத்தில் என்ன என்று பாருங்கள்" என்றார். ஆப்பிள், சிவக்கச் சிவக்கப் பழுத்திருந்தது. நாங்கள் பார்த்த மே மாதத்து மரங்களில் காய் சுண்டைக்காய் அளவில் பச்சையாகத் தொங்கியது.

நேற்று வந்த விளம்பரத்திலும் அதே படம்தான் இருக்கிறது. புறப்படும் தேதி மே 24.