பெட்டியா, மெய்நிகர் கருவியா? அறுவைப் பயிற்சி மருத்துவர்களின் தேர்வு

சிங்கப்பூரில் 2010இல் அறிமுகமான ரெசிடென்சி எனும் சிறப்பு மருத்துவப் பயிற்சி முறையில், பயிற்சி மருத்துவரின் பணிநேரத்துக்கு வாரம் சராசரியாக 80 மணி என்ற வரம்பு உண்டு. அதற்குள், நோயாளியைத் தொடுமுன், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் துளைவழி அறுவையின் அடிப்படைக் கைத்திறனைப் பெற இரண்டு வழிகள் உள்ளன: கேமரா பொருத்திய எளிய பயிற்சிப் பெட்டி, கணினித் திரையில் உறுப்புகளைக் காட்டும் மெய்நிகர் கருவி.

பெட்டியை விரும்புவோர் முதலில் சொல்லும் காரணம் தொடுவுணர்வு. இடுக்கியும் ஊசியும் நூலும் அசலானவை என்பதால், எவ்வளவு இழுத்தால் நூல் அறும் என்பதைக் கை தானே கற்றுக்கொள்கிறது. விலையும் குறைவு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துப் பழகலாம். ஆனால், தவறைச் சுட்டிக்காட்ட அருகில் ஒருவர் வேண்டும். வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்றும் பயிற்சி சீக்கிரமே அலுத்தும்விடும்.

மெய்நிகர் கருவியில் பித்தப்பை அகற்றும் அறுவை முழுவதையும் செய்து பார்க்கலாம். தவறான இடத்தில் திசுவை மின்சூட்டால் சுட்டால் இரத்தம் கசியும். கை வீணாக அலைந்த தொலைவுகூடப் பதிவாகும். இதை வரவேற்கும் பயிற்சி மருத்துவர்களே, திசுவின் இழுவிசை கைக்கு எட்டவில்லை என்று குறைப்படுகிறார்கள். பல்லாயிரம் வெள்ளி விலையுள்ள கருவி பயிற்சிக்கூடத்தை விட்டு நகராது. இரவுப்பணி முடித்தவர் அதைத் தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது, என் பார்வையில், நிர்வாகத்தின் பகற்கனவு. தலையில் அணியும் திரை அறுவையின் படிநிலைகளை மனத்தில் பதிக்க உதவும். சிலருக்குத் தலைசுற்றலும் தரும்.

இங்கே 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு கவனத்துக்குரியது. அதில் பங்கேற்ற 16 பயிற்சி மருத்துவர்களுள் மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையை 29 விழுக்காடு விரைவாகப் பிரித்தெடுத்தனர்; மற்றவர்களின் பிழைகளோ சராசரியாக ஆறு மடங்கு. இத்தனைக்கும் அவர்கள் பழகிய கருவியில் உறுப்புகள் இல்லை, வெறும் வடிவியல் உருவங்கள்தாம், தொடுவுணர்வும் இல்லை. அனுபவமிக்க மருத்துவர்கள் எட்டிய அளவை எட்டும்வரை விடாமல் பழகவைத்ததே வேறுபாடு. ஆகவே, 'அசல்போல் இல்லை' என்ற குறைக்குப் பயிற்சி மருத்துவர்கள் தரும் எடை மிகை என்றே கருதுகிறேன். முடிச்சுப் போடவும் தைக்கவும் பெட்டியையும், அறுவையின் வரிசையைப் பழகவும் பிழையை அளக்கவும் மெய்நிகர் கருவியையும் பரிந்துரைப்பேன். இரண்டுக்குமே எட்டவேண்டிய இலக்கும், பணிப்பட்டியலில் ஒதுக்கிய நேரமும் வேண்டும்.

ரோபோ அறுவையில் மட்டும் போட்டியே இல்லை. நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ள டாவின்சி அறுவை ரோபோ வகைகளில் அறுவை மருத்துவருக்கே விசையுணர்வு கிடைப்பதில்லை. மருத்துவர் அமர்ந்து ரோபோவை இயக்கும் அதே இயக்கு மேடையில் பழகும் மெய்நிகர்ப் பயிற்சிக்கு, தொடுவுணர்வு இல்லாதது ஒரு குறையே அல்ல.