ஃபேக்டரி ஐ/ஓ: கன்வேயர் வாங்க முடியாத லேபுக்கு

பாலிடெக்னிக்கில் பி.எல்.சி. (மெஷின்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) பாடம் நடத்துபவர்களுக்குத் தெரியும், லேபில் பி.எல்.சி. இருக்கும், அது ஓட்ட வேண்டிய மெஷின் இருக்காது. நாலு சுவிட்ச், நாலு எல்.இ.டி. வைத்த பலகைதான். விளக்கு எரிந்ததும் புரோகிராம் சரி என்று பசங்க நோட்டை மூடிவிடுகிறார்கள்.

போர்ச்சுக்கல்லின் ரியல் கேம்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஃபேக்டரி ஐ/ஓ என்ற சிமுலேஷன் மென்பொருள் இந்தக் குறையை நன்றாகவே தீர்க்கிறது. 20க்கும் மேற்பட்ட முப்பரிமாணக் காட்சிகள் தயாராக இருக்கின்றன: பெட்டியை நகர்த்தும் எளிய கன்வேயர், உயரம் பார்த்துப் பிரிப்பது, தொட்டியில் மட்டம் பிடிப்பது, பாலெட்டில் அடுக்குவது, தானியங்கிக் கிடங்கு என்று. லேடரில் (பி.எல்.சி. புரோகிராம் எழுதும் பட மொழி) ஒரு இன்டர்லாக் (ஒன்று ஓடும்போது மற்றொன்றைத் தடுக்கும் நிபந்தனை) விட்டுப்போனால் பெட்டிகள் முட்டிக்கொண்டு விழும், மாணவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பழுது வைக்கும் வசதி. ஓடுகிற லைனில் ஒரு சென்சாரை மட்டும் ஓப்பன் சர்க்யூட் (இணைப்பு அறுந்தது போல) ஆக்கிவிட்டு “லைன் நின்னுடுச்சு, பாருங்க” என்று விட்டுவிடலாம். நிஜ மெஷினில் இதைத் தைரியமாகச் செய்ய முடியாது.

செலவைக் குறைக்க மோட்பஸ் (தொழிற்சாலைச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் ஒரு பொது நெறிமுறை) பதிப்பே போதும், கூட பி.எல்.சி.யாக வேலை செய்யும் இலவச மென்பொருளான ஓப்பன்பி.எல்.சி., அது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலும் ஓடும். ஓப்பன்பி.எல்.சி.யில் ஃபேக்டரி ஐ/ஓவை ஸ்லேவ் (கட்டளைக்குப் பதில் தரும்) சாதனமாகச் சேர்த்தால் முகவரிகள் 100இலிருந்து தொடங்கும். 0இலிருந்து எழுதிவிட்டு கன்வேயர் ஏன் அசையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

குறைகளும் உண்டு. விண்டோஸில் மட்டுமே ஓடும், கிராபிக்ஸ் பலமில்லாத பழைய லேப் கணினியில் திணறும். 24 வோல்ட் வயரிங், பி.என்.பி., என்.பி.என். என்ற இரு சென்சார் வகைகளின் இணைப்புக் குழப்பம், சிலிண்டரில் காற்றுக் கசிவு, இதெல்லாம் திரையில் வராது, அதற்குக் கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தே ஆக வேண்டும். அப்புறம், இதை மட்டும் வாங்கிவிட்டு வாசலில் ‘டிஜிட்டல் ட்வின் லேப்’ என்று பலகை மாட்டுவது கொஞ்சம் ஓவர். டிஜிட்டல் ட்வின் என்றால் நிஜ மெஷினின் தரவோடு இணைந்து ஓடும் திரை நகல், நிஜ லைனின் தரவு உள்ளே வராதவரை இது சிமுலேஷன்தான். ஒரு சின்ன மோட்டார் கன்வேயரில் என்கோடரும் (சுழற்சியை அளக்கும் சென்சார்) ஈ.எஸ்.பி.32ம் (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) வைத்து, வேகத்தை நோட்-ரெட் (தரவை இணைத்து அனுப்பும் மென்பொருள்) வழியாக அனுப்பி, திரையில் ஓடும் கன்வேயரோடு ஒப்பிட்டால் அந்தப் பெயருக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும்.

இலவசச் சோதனைப் பதிப்பு 30 நாள்தான். செமஸ்டர் தொடக்கத்திலேயே அதைத் திறந்து வீணாக்க வேண்டாம், டைமர், கவுன்ட்டர் பாடம் முடிந்தபின் நிறுவுங்கள்.