மயக்கவாயுவா, தடுப்பூசியா, காயடிக்காமலே வளர்ப்பதா? ஜெர்மன் பன்றிப் பண்ணைகளின் முன்னுள்ள மூன்று வழிகள்

மயக்க மருந்து கொடுக்காமல் ஆண் பன்றிக்குட்டிகளுக்குக் காயடிப்பது ஜெர்மனியில் 2021 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2013-இல் திருத்தப்பட்ட விலங்கு நலச் சட்டத்தின்படி இத்தடை 2019-இன் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். மாற்று வழிகள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று காரணம் காட்டி நாடாளுமன்றம் அதை இரண்டாண்டுகள் தள்ளிவைத்தது. அந்த மாற்று வழிகளை விலங்கின் வலி, பண்ணையின் வரவு செலவு, இறைச்சியின் தரம் ஆகிய மூன்றையும் வைத்து எடைபோட்டால், தடுப்பூசியே முன்னிற்கிறது என்பது என் கருத்து. ஆனால் அங்கே பரவலாக நிலைபெற்றது மயக்கவாயுதான்.

காயடிப்பதன் நோக்கம் வாடையைத் தவிர்ப்பது. பருவமெய்தும் ஆண்பன்றியின் விரையில் சுரக்கும் ஆன்ட்ரோஸ்டீனோனும், பெருங்குடலில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் சிதைவதால் உண்டாகும் ஸ்கேட்டோலும் கொழுப்பில் தங்கிவிடுகின்றன. இறைச்சி சூடேறும்போது முன்னது மூத்திர நெடியாகவும் பின்னது மல நெடியாகவும் எழும். எல்லா ஆண்பன்றிகளிடமும் இது இருப்பதில்லை. எல்லா மனிதர்களாலும் ஆன்ட்ரோஸ்டீனோனை முகர்ந்தறியவும் முடிவதில்லை. இருந்தும், முகர்ந்தறிந்த ஒருவர் அந்த இறைச்சியை மறுமுறை வாங்கத் தயங்குவார் என்பதால் வணிகர்கள் இதைப் பெரிதும் அஞ்சுகிறார்கள்.

ஐசோஃப்ளூரேன் என்ற மயக்கவாயுவைப் பயன்படுத்தும் முறையில், பிறந்து ஒரு வாரத்திற்குள் குட்டிக்கு முதலில் வலிநிவாரணி ஊசி போடப்படுகிறது. மருந்து வேலைசெய்யத் தொடங்கியபின் குட்டியைக் கருவியில் மல்லாத்திப் பொருத்தி, மூக்கை முகமூடிக்குள் நுழைத்து, ஒரு நிமிடத்திற்கும் சற்றுக் கூடுதலாக வாயுவைச் சுவாசிக்கவிட்டு, பிறகே விரைப்பையைக் கீறுகிறார்கள். பயிற்சி பெற்ற பண்ணையாளரே இதைச் செய்யலாம் என 2020-இல் ஒரு விதி அனுமதித்தது. இந்த முறை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் கீறல், காயம், தொற்று அபாயம் எதுவும் நீங்கவில்லை. முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் குட்டி முழுமையாக மயங்காது, கசியும் வாயு வேலைசெய்பவருக்குத் தலைவலியையும் தலைசுற்றலையும் தரும். மயக்கத்தில் குட்டியின் உடல் குளிர்ந்துவிடுவதால், தெளியும்வரை கதகதப்பாக வைத்திருந்து, அதன்பிறகே தாயிடம் விட வேண்டும். போதாக்குறைக்கு, ஐசோஃப்ளூரேன் புவியை வெப்பமாக்கும் வாயுக்களில் ஒன்று.

கத்தியையே தொடாத வழி, காயடிக்காமல் வளர்ப்பது. பிரிட்டனும் அயர்லாந்தும் நெடுங்காலமாக இப்படித்தான் செய்கின்றன; பருவம் முற்றுவதற்குள், குறைந்த எடையிலேயே வெட்டிவிடுவதால் அங்கே வாடை பெரிய சிக்கலாகவில்லை. குறைந்த தீவனத்தில் கூடுதல் மெல்லிறைச்சி கிடைப்பது பண்ணைக்கு இலாபம். ஆனால் ஆண்பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், சண்டையிட்டுக் காயப்படுவதும் அன்றாடத் தொல்லையாகிவிடுகின்றன. வெட்டுக்கூடத்தில் ஒவ்வோர் உடலின் கழுத்துக் கொழுப்பையும் சுட்டு, பயிற்சி பெற்றவர் முகர்ந்து பார்த்துப் பிரிக்க வேண்டும். உருளைக்கிழங்கு மாவுச்சத்தோ சிக்கரியோ கலந்த தீவனமும் தொழுவத் தூய்மையும் ஸ்கேட்டோலைக் குறைக்கும். ஆன்ட்ரோஸ்டீனோனைக் குறைக்க இனத் தேர்வையே நம்ப வேண்டும்.

மூன்றாவதான தடுப்பூசி, மூளையிலிருந்து விரைக்குச் செல்லும் இயக்குநீர் (ஹார்மோன்) தொடரின் முதல் கண்ணியான ஜிஎன்ஆர்எச்-க்கு எதிராகப் பன்றியின் உடலிலேயே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. 1998-இலேயே ஆஸ்திரேலியாவில் பயன்பாட்டுக்கு வந்த இம்ப்ரோவாக் என்ற இத்தடுப்பூசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் ஒப்புதல் அளித்தது. குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரு தவணைகள்; இரண்டாவதை, வெட்டுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் போட வேண்டும். அதுவரை பன்றி முழு ஆணாகவே வளர்வதால் தீவனச் சிக்கனம் பெருமளவு கிடைக்கிறது. பின்னர் விரை சுருங்கி, சண்டை தணிந்து, கொழுப்பில் தங்கிய வாடைப்பொருளும் கரைகிறது. ஊசி தவறித் தன் உடலில் குத்திக்கொண்டால் மனிதருக்கும் பாதிப்பு வரலாம் என்பதால், பாதுகாப்பு உறையுள்ள கருவியையே பயன்படுத்த வேண்டும். எண்பது கிலோ பன்றிகள் நிறைந்த கொட்டிலில் ஒன்றுகூட விடுபடாமல், போட்டதற்கெல்லாம் வண்ண அடையாளமிட்டு முடிப்பது கவனத்தைக் கோரும் வேலைதான். ஆனால் ஒருவார வயதுக் குட்டியைக் கீறுவதோடு ஒப்பிட, அது பண்ணையாளர் ஏற்க வேண்டிய உழைப்பே.

இதற்குத் தடையாக நிற்பது, 'ஹார்மோன் இறைச்சி' என்று வாடிக்கையாளர் ஒதுக்கிவிடுவார் என்ற வணிகர்களின் அச்சம். இந்த ஊசியில் ஹார்மோனாகச் செயல்படும் பொருள் எதுவும் இல்லை. ஊசி போட்டபின் இத்தனை நாள் காத்திருந்தே வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பிரேசிலில் இது பரவலாகவே பயன்பாட்டில் உள்ளது. ஐரோப்பாவில் வெட்டுக்கூடங்களும் அங்காடித் தொடர்களும் இதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லாமல் விலையைக் குறைத்தோ மறுத்தோ ஒதுங்குவதால், விலங்கு நலத்திற்கான செலவு முழுவதும் பண்ணையாளர் தலையிலேயே விழுகிறது. இது நியாயமன்று.

காயடிக்குமுன் விரையிலேயே, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவதை ஸ்வீடன் ஏற்றுள்ளது. ஆனால் அந்த ஊசியே வலிப்பதால், வலியை முழுமையாக நீக்க வேண்டும் என்ற ஜெர்மன் சட்டத்திற்கு அது போதவில்லை. பார்மா எனப்படும், உப்பிட்டு உலர்த்திய தொடைக்கறிக்காக ஒன்பது மாதத்திற்கு மேல் வளர்க்கப்படும் இத்தாலியப் பன்றிகளுக்கோ, காயடிக்காமல் விடுவது இயலாத காரியம். அவ்வளவு காலம் வளர்க்கும் பண்ணைகள் தடுப்பூசிக்கு மாறினால் கூடுதல் தவணையும் அதற்கான செலவும் சேர்ந்துகொள்ளும்.