வெளிநாட்டில் தன்னார்வப் பணி: குடும்பத்தோடு தங்கலாமா, பகிர்ந்த வீட்டிலா?

மொழி பழக வேண்டுமென்றால் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவதே நல்லது. "தட்டை இப்படிக் கொடு", "கதவைச் சாத்து" என்று சாப்பாட்டு மேசையில் காதில் விழும் சின்னச் சின்ன வாக்கியங்கள் வகுப்பில் கிடைக்காது. ஆனால் நேரம் உங்கள் கையில் இருக்காது. இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், துணி துவைக்க எந்த நாள் என்பதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள். குளியலைச் சுருக்கமாக முடியுங்கள். வெந்நீர்த் தொட்டி காலியானால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். மனஸ்தாபம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

பகிர்ந்த வீட்டில் சுதந்திரம் அதிகம், பொறுப்பும் அதிகம். குடிபோகும் அன்றே சுவர்க் கீறல், மெத்தைக் கறை, அடுப்பு, மின் மீட்டர் அளவு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியோடு சான்று இல்லாவிட்டால் பழைய சேதத்துக்கும் உங்கள் முன்பணத்தில் கழிக்க வாய்ப்புண்டு. குடியிருக்கும் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமான நாடுகளில் இன்னொரு சிக்கல்: ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்க வேண்டியிருக்கும். அது தாமதமானால் வங்கிக் கணக்கு திறப்பதும் தள்ளிப்போகலாம்.

ஓராண்டுப் பணி என்றால் முதல் 3 மாதம் குடும்பம், பிறகு பகிர்ந்த வீடு என்பதே எங்கள் பரிந்துரை. இடையில் மாற அனுமதி உண்டா என்று கையெழுத்திடும் முன்பே, உங்களைப் பணிக்கு அனுப்பும் அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள்.