சாய்வு: கோணமாகப் படிப்பதா, வீதமாகப் படிப்பதா?

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் தொடங்கினால் சாய்வு வந்துவிடும். அதைப் புரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு: கோடு எக்ஸ் அச்சோடு ஏற்படுத்தும் கோணத்தின் டேன் (tan) மதிப்பு, இரண்டு புள்ளிச் சூத்திரம் (y மதிப்புகளின் வித்தியாசத்தை x மதிப்புகளின் வித்தியாசத்தால் வகுப்பது), மாறும் வீதம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் முதல் இரண்டையும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். மூன்றாவதுதான் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

நமக்குத் தெரிந்த பேச்சிப்பாறை அணையையே எடுப்போம். அதன் முழு நீர்மட்டம் 48 அடி. ஒரு மழைநாளில் காலை 6 மணிக்கு 41 அடி, மாலை 6 மணிக்கு 42.5 அடி, இடையில் சீராக ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் ஒன்றரை அடி, அதாவது மணிக்கு 0.125 அடி. நம் வழக்கில் மணிக்கு ஒன்றரை அங்குலம். இதுதான் சாய்வு. சமன்பாடும் தானாக வந்துவிடுகிறது: நீர்மட்டம் = 41 + 0.125 × நேரம். 41 வெட்டுத்துண்டு, அதாவது நேரம் பூச்சியமாக இருக்கும்போது உள்ள மட்டம். இதே வீதத்தில் போனால் அணை நிறைய இன்னும் எவ்வளவு நேரம்? காலையிலிருந்து எண்ணினால் 7 அடி மிச்சம்; 0.125-ஆல் வகுத்தால் 56 மணி நேரம். ஆற்றோரம் குடியிருப்பவர் கேட்கிற கேள்விக்கே விடை கிடைக்கிறது.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கிவிழும் இடமும் இங்கேதான். 42.5-ஐ 12-ஆல் வகுத்து அதையே வீதம் என்பார்கள். மட்டத்தை அல்ல, மட்டம் *மாறிய அளவை* வகுக்க வேண்டும். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போனால் மட்டும் இரண்டும் ஒன்றாகும்.

சரி, இதே கணக்கைக் கோணமாகப் பாருங்கள். வரைபடத் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மணி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு அடி என்று வரைந்தால் கோடு சுமார் 7 பாகைதான் எழும். செங்குத்து அச்சை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு அங்குலம் என்று மாற்றினால் அதே கோடு சுமார் 56 பாகைக்கு நிமிர்ந்துவிடும். அணைக்கு வரும் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை! இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால்தான் தாளில் அளக்கிற கோணத்தின் டேன் மதிப்பு சாய்வாகும். இதை அழுத்திச் சொல்லாமல் விடுவதால், செங்குத்தாகத் தெரிகிற கோடுதான் வேகமான மாற்றம் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

அதற்காகக் கோணத்தைத் தள்ளிவிட முடியாது. இரண்டு அச்சும் நீளமாக இருக்கும் இடத்தில் அதுதான் ராஜா. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் தானாக ஓடுவதற்கு வேண்டிய சரிவு, மலைப்பாதையின் ஏற்றம், எல்லாம் நீளத்தை நீளத்தால் வகுப்பது, அலகே இல்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வருவதையும் கோணத்தை வைத்துத்தான் அழகாக விளக்கலாம். வீதத்துக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டு புள்ளிச் சூத்திரம் தேர்வுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். மேலே எந்தப் புள்ளியிலிருந்து கழித்தோமோ, கீழேயும் அதிலிருந்தே கழிக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாது.

குறி மாறும்போது மறுபடியும் வீதமே கைகொடுக்கிறது. பாசனத்துக்கு மதகு திறந்து மட்டம் இறங்கினால் சாய்வு எதிர்க்குறி. வரத்தும் போக்கும் சமமானால் பூச்சியம். கோண வழியில் எதிர்க்குறிக்கு 90 பாகையைத் தாண்டிய விரிகோணத்தின் டேன் மதிப்பைத் தேட வேண்டும். நேர்க்குத்தான கோட்டுக்குச் சாய்வு ஏன் இல்லை என்பதும் அணையில் எளிது: நேரம் கொஞ்சமும் நகராமல் மட்டம் மட்டும் ஏற வேண்டும், பூச்சியத்தால் வகுக்க வேண்டும்.